ஃபுஜி மலை படத்தில் ஏன் சுருங்குகிறது?

ஜப்பானில் கவாகுச்சி ஏரியின் வடகரை. நவம்பர் மாதக் காலை. கரையோரம் நிற்கும் சுற்றுலாப் பயணிகள் எல்லோர் கையிலும் செல்போன். எதிரே, தலையில் புதுப் பனியோடு ஃபுஜி மலை வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. படம் எடுத்த கையோடு திரையைப் பார்க்கிறார்கள். பலருக்கும் முகம் சுண்டிப்போகிறது. நேரில் மலைக்க வைத்த மலை, படத்தில் ஏரிக்கு அப்பால் ஒரு சின்ன முக்கோணம்.

போனைக் குறை சொல்லிப் பயனில்லை. மலையின் உயரம் 3,776 மீட்டர். ஏரியே கடல் மட்டத்திலிருந்து 830 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கரையில் நிற்பவருக்கு மேலே எழுவது 2,900 மீட்டர் சொச்சம்தான். சிகரமோ சுமார் 18 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கண்ணிலிருந்து மலையின் அடிக்கு ஒரு கோடும் உச்சிக்கு ஒரு கோடும் இழுத்தால், இரண்டுக்கும் நடுவே 9 டிகிரிதான் தேறும். செல்போனின் வழக்கமான லென்ஸ், போனைப் படுக்கைவாக்கில் பிடித்தால், மேலிருந்து கீழாக 50 டிகிரிக்கும் மேல் பார்க்கிறது. ஆக, படத்தின் உயரத்தில் மலைக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மீதியெல்லாம் வானமும் தண்ணீரும்.

கண் இப்படி எல்லாவற்றையும் ஒரே மட்டமாகப் பார்ப்பதில்லை. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழி மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். அதன் பார்வைப் பரப்பு இரண்டு டிகிரிக்குள் அடங்கிவிடும். அந்தக் குறுகிய பார்வையை நொடிக்கு மூன்று நான்கு முறை அங்கும் இங்கும் தாவவிட்டு, கிடைத்த துண்டுகளை மூளை ஒட்டவைக்கிறது. எது முக்கியம் என்று படுகிறதோ அதற்கே கவனம் முழுவதும் போகிறது. மலையைப் பார்க்க வந்தவரின் மூளை மின்கம்பியையும் வாகன நிறுத்தத்தையும் ஓரங்கட்டிவிடுகிறது. லென்ஸுக்கு அந்தப் பாரபட்சம் தெரியாது. அடிவானத்தில் பெரிதாக எழும் முழுநிலவு படத்தில் வெள்ளைப் பொட்டாகிப்போவதும் இதனால்தான். நிலவின் அகலம் அரை டிகிரி மட்டுமே.

தள்ளி நின்றால் பெரிதாகும்

அப்படியானால் காலண்டரில் வரும் ஃபுஜி மட்டும் எப்படிப் படத்தை நிறைக்கிறது? விடை, ஃபுஜியோஷிதா நகரின் மலைச்சரிவில் இருக்கிறது. அங்கே 398 படிகள் ஏறினால் சுரெய்தோ என்ற சிவப்பு நிற ஐந்தடுக்குக் கோபுரம் வரும். 1963இல் கட்டப்பட்ட போர் நினைவிடம் அது. கோபுரமும் பின்னால் ஃபுஜியும் சேர்ந்து நிற்கும் காட்சி உலகம் முழுக்கப் பரவிய ஒன்று. விஷயம் தெரிந்தவர்கள் கோபுரத்தின் காலடியில் நின்று எடுப்பதில்லை. அதற்கும் பின்னால், மேட்டின் மேலே போய்விடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோபுரத்திலிருந்து 20 மீட்டரில் நிற்பவர் 60 மீட்டருக்குப் பின்வாங்கினால், கோபுரம் மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்துத் தெரியும். மலையின் அளவோ மாறவே மாறாது. 17 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதற்கு இந்த 40 மீட்டர் ஒரு பொருட்டா? இப்போது மூன்று மடங்கு ஜூம் செய்து கோபுரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால், கூடவே மலையும் மூன்று மடங்கு பெருத்துவிடும். மலையைப் பெரிதாக்கியது லென்ஸ் மட்டுமல்ல, பின்வாங்கிய கால்களும்தான். பொருள்களுக்கு இடையிலான அளவு விகிதத்தை முடிவு செய்வது நிற்கும் இடம்; அதில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்பது மட்டுமே லென்ஸின் வேலை.

இதையே தலைகீழாகவும் செய்யலாம். 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புதிய 1,000 யென் நோட்டின் பின்புறத்தில், ஓவியர் ஹொகுசாய் வரைந்த பேரலை ஓவியம் இருக்கிறது. அதில் ஃபுஜி எங்கோ தொலைவில், அலையின் வளைவுக்குள் ஒரு பனிக்குல்லா போலத்தான் தெரிகிறது. பக்கத்தில் எழும் அலைதான் படத்தையே ஆள்கிறது. அதற்கு முந்தைய 1,000 யென் நோட்டிலும் ஃபுஜி இருந்தது. மொதோசு ஏரிக்கு மேலுள்ள மலைப்பாதையிலிருந்து ஒகாதா கோயோ என்ற புகைப்படக் கலைஞர் 1935இல் எடுத்த படத்தைத் தழுவியது அது. அதில் மலைதான் நாயகன். அகன்ற லென்ஸ் மட்டுமே கையில் இருக்கும் பயணிக்கு ஹொகுசாய் வழி உதவும்: மலை சிறுக்கப்போவது உறுதி என்றால், ஒரு படகையோ நாணல் புதரையோ முன்னால் பெரிதாக நிறுத்திவிட வேண்டியதுதான்.

அருகிலுள்ளது தொலைவிலுள்ளதை அடக்கிவிடும் என்ற இதே விதியை ஃபுஜிகவாகுச்சிகோ நகர நிர்வாகம் 2024 மே மாதத்தில் வேறு விதமாகப் பயன்படுத்தியது. அந்த ஊரில் ஒரு பலசரக்குக் கடையின் கூரை மேல் ஃபுஜி உட்கார்ந்திருப்பதுபோல் ஓர் இடத்திலிருந்து தெரியும். சாலையின் எதிர்ப்புற நடைபாதையிலிருந்து அதைப் படமெடுக்கக் கூட்டம் குவிந்தது. சாலையின் குறுக்கே ஓடுவதும், பக்கத்துப் பல் மருத்துவமனை வளாகத்தில் வண்டியை நிறுத்துவதும், குப்பை போடுவதும் அன்றாடத் தொல்லையாகின. கடைசியில் 2.5 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளத்தில் ஒரு கருப்பு வலைத்திரையைக் கட்டினார்கள். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சமே பெரிய திரை 3,776 மீட்டர் மலையை மறைக்குமா? மறைக்கும். அங்கிருந்து மலை எழும் கோணம் 10 டிகிரி சொச்சம். கண் மட்டத்துக்கு மேல் திரை முக்கால் மீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது. நான்கு மீட்டருக்குள் நிற்பவருக்குச் சிகரம் தெரியவே தெரியாது. ஆனால் சில நாட்களிலேயே வலையில் ஓட்டைகள் விழுந்தன. செல்போன் லென்ஸுக்கு விரல்நுனி அளவு துளையே தாராளம். ஆகஸ்டில் சூறாவளியை முன்னிட்டுக் கழற்றப்பட்ட திரை, பிறகு மாட்டப்படவில்லை.

நடுவில் நிற்கும் காற்று

இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும், பயணிக்கும் மலைக்கும் நடுவில் 18 கிலோமீட்டர் காற்று இருக்கிறது. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கிடுகிடுவென ஏறும். 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. வானம் நீலமாக இருப்பதற்குச் சொல்லப்படும் அதே காரணம்தான் தூரத்து மலைக்கும் நீலப்பூச்சு பூசுகிறது. இதோடு ஈரப்பதமும் சேர்ந்துகொண்டால், மிதக்கும் தூசும் உப்பும் நீரை உறிஞ்சி உப்பி, எல்லா நிறங்களையும் சிதறடிக்கும் வெள்ளைப் புகைமூட்டமாக மாறுகின்றன. கோடையில் ஃபுஜியைப் பார்க்கப்போய் வெறும் வெண்மையை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் பலர். காற்று வறண்டிருக்கும் குளிர்காலக் காலைகளே மலைக்கு நல்ல நேரம்.

நீலத்தைச் சிதறவிடாமல் தடுக்க முடியாது; படத்துக்குள் வரவிடாமல் தடுக்கலாம். 1927 ஏப்ரலில் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் அதைத்தான் செய்தார். ஹாஃப் டோம் பாறையின் எதிரே நின்ற அவரிடம் இரண்டே இரண்டு கண்ணாடித் தகடுகள் மிச்சமிருந்தன. முதலாவதை மஞ்சள் வடிகட்டியோடு எடுத்தார். மனசுக்குத் திருப்தியில்லை. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு வடிகட்டியை மாட்டினார். நீலம் முழுக்கத் தடுக்கப்பட, வானம் ஏறக்குறையக் கருப்பாகி, பாறையும் பனியும் துலக்கமாக வெளிப்பட்டன. அவருடைய பெயரை நிலைநாட்டிய படங்களில் அதுவும் ஒன்று. இன்று போனில் எடுத்த வண்ணப்படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தைக் குறைத்தால் கிட்டத்தட்ட அதே விளைவு கிடைக்கும்.

வண்ணப்படத்துக்கு வேறு வழி உண்டு. சிதறிய வான ஒளி ஓரளவு ஒரே தளத்தில் அதிர்கிறது. சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய திசையில் இந்தப் போக்கு உச்சம். போலரைசர் என்ற சுழலும் வடிகட்டி அந்த ஒளியை வெட்டிவிடுவதால் வானம் ஆழ்ந்த நீலமாகிறது, பனி பளிச்சிடுகிறது. கவாகுச்சியின் வடகரையில் நிற்பவர் தெற்கே பார்க்கிறார்; காலைச் சூரியன் கிழக்கே. இயற்கையே 90 டிகிரியை அமைத்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் அதே வடிகட்டி தண்ணீரில் தெறிக்கும் ஒளியையும் குறைக்கும். ஏரியில் தலைகீழாகத் தெரியும் ஃபுஜியைப் பிடிக்க வந்தவர் வடிகட்டியைக் கவனமில்லாமல் திருகினால், வானம் கிடைக்கும், பிம்பம் மங்கிவிடும்.

மேகம் வரைந்தவர்கள்

வானமும் நிலமும் ஒரே படத்தில் ஒத்துப்போகாத தொல்லை புகைப்படக்கலையின் வயதே கொண்டது. ஃபெலிச்சே பியாட்டோ என்ற புகைப்படக்காரர் 1863இல் யோகோஹாமாவுக்கு வந்து கடை போட்டார். லக்னோ, சீனா என்று சுற்றிவிட்டு வந்தவர். அப்போதைய ஈரத்தகட்டு முறையில் கண்ணாடியில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். வெளியூர் போனால் இருட்டறையும் கூடவே போகும். அந்தத் தகடுகளுக்கு நீலம் மிதமிஞ்சி உறைக்கும். அதனால் வானம் மேகமே இல்லாமல் வெள்ளையாக வெளுத்துப்போனது. சிவப்போ கருப்பாக விழுந்தது. பியாட்டோவின் கடையில் ஜப்பானியக் கலைஞர்கள் அச்சுப்படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். அங்கே வண்ணக்காரராக வேலை பார்த்த குசாகாபே கிம்பெய் பிறகு சொந்தமாகவே கடை திறந்தார். அந்நியப் பயணிகள் அரக்குப்பூச்சு அட்டை போட்ட ஆல்பங்களில் வாங்கிப்போன ‘அழகிய ஜப்பான்’ பாதி ஒளி, பாதி தூரிகை.

அதே காலத்தில் தமிழ்நாட்டுக்கும் இந்தத் தொல்லை வந்தது. சென்னை மாகாணத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீளப்படமாக்கியவர் அவர். வெறுமையான வானத்தை அவரும் விட்டுவைக்கவில்லை. காகித நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் வரைந்து சேர்த்திருக்கிறார். பிரான்சில் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் இணைத்து அச்சிட்டார்.

இன்றைய செல்போன் செய்வதும் லெ கிரேயின் வேலைதான். ஒரு முறை பொத்தானைத் தொட்டால் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, வானத்துக்கு வெளிச்சம் குறைந்ததையும் நிழலுக்கு வெளிச்சம் கூடியதையும் கலந்து தருகிறது. ஆனாலும் பனியைக் கண்டால் கேமரா ஏமாறும். எந்தக் காட்சியும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்பதே பழைய ஒளிமானிகளின் அடிப்படை ஊகம். படம் முழுக்கப் பனியாக இருந்தால் அந்த வெண்மையையும் சாம்பலாக்கப் பார்க்கும். திரையில் பனியின் மேல் விரல் வைத்து, வெளிச்சக் குறியை மேலே தள்ளினால் பனி மீண்டும் வெண்மையாகும்.

நீலம் நிற்கும் நிமிடங்கள்

நகரத்துக்கு வேறு நேரம், வேறு கணக்கு. டோக்கியோவின் படங்களில் வானம் கருநீலமாகவும் சன்னல்கள் பொன்னிறமாகவும் ஒளிர்வது நள்ளிரவில் எடுத்ததல்ல. சூரியன் மறைந்து, அடிவானத்துக்குக் கீழே நான்கைந்து டிகிரி இறங்கியபோது எடுத்தது. அப்போது வானத்தின் வெளிச்சமும் தெருவிளக்கின் வெளிச்சமும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அரை மணி கழித்துப் போனால் வானம் கருப்பு, விளக்குகள் வெள்ளைத் திட்டு.

அந்த நீலத்துக்கும் பகல் நீலத்துக்கும் காரணம் ஒன்றல்ல. பிரெஞ்சு வேதியியலாளர் ஜேம்ஸ் ஷாப்புய், ஓசோன் வாயு மஞ்சள், ஆரஞ்சு ஒளியை உறிஞ்சுவதை 1880இல் கண்டார். பகலில் இதன் விளைவு அற்பம். சூரியன் அடிவானத்தைத் தொடும்போது ஒளி ஓசோன் படலத்தைச் சாய்வாகக் குறுக்கிட்டு வெகுதூரம் கடக்கிறது. மஞ்சளும் ஆரஞ்சும் வடிகட்டப்பட்டு நீலம் தங்கிவிடுகிறது. அமெரிக்க இயற்பியலாளர் ஈ. ஓ. ஹல்பர்ட் 1953இல் இதைக் கணக்கிட்டார். சூரியன் மறையும் வேளையில் தலைக்கு மேலுள்ள நீலத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓசோனின் கொடை என்றார் அவர்.

இந்த நேரம் ஊருக்கு ஊர் நீளும், குறுகும். பூமத்திய ரேகைக்கு அருகே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். அந்த ரேகையிலிருந்து விலகிப் போகப் போகச் சாய்வாக இறங்கும். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில், சூரியன் மறைந்தது முதல் ஆறு டிகிரி கீழே இறங்குவதற்குச் சென்னையில் சுமார் 21 நிமிடம், டோக்கியோவில் 25, பாரிஸில் 31 ஆகும். மெரினாவில் பழகிய கணக்கோடு பாரிஸுக்குப் போகிறவருக்குப் பத்து நிமிடம் லாபம்; பாரிஸ்காரர் சென்னைக்கு வந்தால் முக்காலியை விரிப்பதற்குள் இருட்டிவிடும்.

டோக்கியோவின் மற்றொரு சவால் உயரம். 634 மீட்டர் ஸ்கைட்ரீ கோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால், பின்னால் சாய்ந்து விழப்போவதுபோல் தெரியும். கேமரா சாய்ந்த கணமே இணைகோடுகள் மேலே கூடத் தொடங்கிவிடும். கட்டடக்கலைப் படமெடுப்போருக்காக, கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் வசதியை நிக்கான் 1962இல் 35 மி.மீ. கேமராக்களுக்குக் கொண்டுவந்தது. செல்போன் வைத்திருப்பவர் அதற்குப் பதிலாக நடக்கலாம். ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போனால் கோபுரம் எழும் கோணம் 32 டிகிரி. போனை நட்டமாக, சாயாமல் பிடித்தால் லென்ஸின் மேல்பாதி அதைச் சரியாகக் கொள்ளும். கீழ்ப்பாதியில் விழும் தெருவைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

டோக்கியோவின் ஷிபுயா நாற்சந்தியில் பச்சை விளக்கு எரிந்ததும் எல்லாத் திசையிலிருந்தும் கூட்டம் பாய்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு திறந்திருக்கும் லென்ஸில் அவர்கள் கோடுகளாக இழுபடுவார்கள். பல நொடி திறந்திருந்தால் கரைந்தே போவார்கள். 1838இல் பாரிஸில் புகைப்படக்கலை முன்னோடி டாகேர் தன் சன்னலிலிருந்து எடுத்த தெருக்காட்சியில் வண்டிகளோ நடந்து போனவர்களோ பதியாததன் காரணமும் அதுதான். சில நிமிடங்கள் திறந்திருந்த அந்த லென்ஸில், காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். புகைப்படத்தில் சிக்கிய முதல் மனிதர்களில் ஒருவராக அவர் கருதப்படுகிறார்.

ஒலியை இழக்கும் நினைவு

2000 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஷார்ப் ஜே-எஸ்ஹெச்04, கேமராவோடு வந்த தொடக்க காலப் போன்களில் ஒன்று. அதன் படத்தில் மொத்தம் 1.1 லட்சம் பிக்சல்கள்தான். இத்தகைய போன்களால் மறைவாகப் படமெடுப்பதைத் தடுக்க, ஜப்பானில் விற்கும் போன்களில் ‘கிளிக்’ ஓசையை அணைக்க முடியாதபடி நிறுவனங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டன. சட்டம் எதுவும் போடவில்லை. வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. கியோட்டோவின் கியோன் பகுதியில், கெய்ஷா கலைஞர்களைத் துரத்தித் துரத்திப் படமெடுத்தவர்களால் சலித்துப்போன மக்கள், தனியார் சந்துகளில் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று 2019இல் பலகை வைத்தார்கள். 2024இல் அந்தச் சந்துகள் சில சுற்றுலாப் பயணிகளுக்கே மூடப்பட்டன.

அதே கியோட்டோவில் சஞ்சூசங்கென்தோ ஆலயம் இருக்கிறது. 120 மீட்டர் நீளமுள்ள மரக்கூடத்தில் கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் 1,001 சிலைகள் அணிவகுத்து நிற்கின்றன. உள்ளே படமெடுக்கத் தடை. போனைப் பையில் போட்டுக்கொண்டு நடப்பவருக்கு எது நினைவில் நிற்கும்?

அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. அலிக்ஸாண்ட்ரா பராஷும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. ஒலி வழிகாட்டியைக் காதில் மாட்டிக்கொண்டு பண்டைய இத்தாலியின் எட்ரஸ்கன் கலைப்பொருள்களைப் பார்த்தவர்களில், தங்கள் விருப்பப்படி படமெடுத்தவர்களுக்குக் கண்டது நன்றாக நினைவிருந்தது. கேட்டதோ மற்றவர்களைவிடக் குறைவாகவே நின்றது. கேமராவே இல்லாமல், எதைப் படமெடுப்போம் என்று மனதுக்குள் மட்டும் ‘எடுத்துப்’ பார்த்தவர்களிடமும் இதே விளைவுதான் தெரிந்தது.